கழிவுப் படத்தில் ஒரு புள்ளி

ஸ்கேன் படத்தை எடுப்பவர் ஒருவர், அதைப் பார்த்து நோயைச் சொல்பவர் ஒருவர், நடுவில் அந்தப் படத்தின் அழுக்கைத் துடைப்பவர் ஒருவர். இந்த மூன்றாவது ஆளை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அவர் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அவர் இருந்ததே தெரியாது.

நான் அந்த மூன்றாவது ஆளாக இருந்தவள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். கோரமங்களாவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் ஆபீஸ். கடல் தாண்டி ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில், பெண்களின் மார்பகத்தை மட்டும் படம் பிடிக்கும் புதிய சி.டி. ஸ்கேன் மெஷின் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பெண் ஒரு மேஜையில் குப்புறப் படுப்பார். மேஜையில் ஒரு துளை இருக்கும். துளைக்குக் கீழே எக்ஸ்ரேயும் அதைப் பிடிக்கும் தகடும் சுற்றி வரும். தகட்டில் எங்காவது ஒரு பொட்டு பழுதாக இருந்தால், அந்தப் பழுதும் கூடவே சுற்றி, குளத்தில் கல் விழுந்தது போலப் படத்தில் ஒரு வளையமாக விழும். அந்த வளையங்களைக் கம்ப்யூட்டரில் துடைப்பதுதான் எங்கள் வேலை.

வீட்டில் விளக்கிச் சொல்ல முடியாத வேலையில் மாட்டிக்கொண்ட எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். இதில் சிரிக்கிற விஷயங்கள் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெண் இருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்களுக்கு வந்தது பதினேழு என்ற எண் மட்டும். அவர் படத்தில் இருந்த ஒரு புள்ளி மெஷினின் அழுக்கா, அவர் உடம்பில் இருப்பதா என்பதுதான் கேள்வி. அதன் தொடக்கம் நான் பார்த்ததல்ல, பிறர் சொல்லிக் கேட்டது. கேட்டபடியே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நூல் எங்கே?

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பக்கத்து நாற்காலி நவீத் சொன்ன கதை இது. நவீத் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவன். வாக்கியத்துக்கு ஒரு உருது வார்த்தையாவது இல்லாமல் அவனுக்குத் தமிழ் வராது. எனக்கு முன்னால் என் இடத்தில் சதீஷ் என்று ஒருவர் இருந்தாராம், ஆனேக்கல்காரர். வளையம் துடைக்கும் ப்ரோக்ராமை முதலில் எழுதியவர். அப்போது இன்னும் மனிதர்களைப் படம் எடுக்க ஆரம்பிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் தண்ணீர் நிரப்பி, நடுவில் ஒரு நைலான் நூலைத் தொங்கவிட்டு, அதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். நூல் எந்த இடத்தில் இருக்கிறது என்று முன்பே தெரியும் என்பதால் சோதனைக்கு அது வசதி. சதீஷ் வளையங்களையெல்லாம் துடைத்து, பாலாடை மாதிரி வழவழப்பான படமாகத் திருப்பி அனுப்பினாராம். பதில் வந்தது: படம் அருமை, நூல் எங்கே?

வளையத்தோடு சேர்த்து நூலையும் துடைத்துவிட்டார் என்று ஆபீஸ் முடிவு செய்தது. சதீஷும் ஒப்புக்கொண்டார். ப்ரோக்ராமைக் கொஞ்சம் மென்மையாக்கினார். அவர்கள் புதிதாக எடுத்து அனுப்பிய ஜாடிப் படத்தில் நூல் பத்திரமாகத் தெரிந்தது. பிரச்சினை தீர்ந்தது, சதீஷுக்குத் தீரவில்லை. கேன்டீனில் சேமியா உப்புமா போட்டால்கூட யாராவது தட்டைப் பார்த்து "நூல் எங்கே?" என்பார்களாம். கொஞ்ச நாளில் அவர் ஓசூர் ரோடு பக்கம் வங்கிகளுக்கு ப்ரோக்ராம் எழுதும் கம்பெனிக்குப் போய்விட்டார். இதைச் சொல்லி முடித்துவிட்டு நவீத் என் முகத்தைப் பார்த்தான். அது எப்படி இருந்ததோ தெரியவில்லை. "நக்கோ, டென்ஷன் வேணாம், மதி. இங்க நல்லா துடைக்கத் தெரியணும். எதத் துடைச்சோம்னும் தெரியணும். அவ்ளோதான்."

துடைக்கிற வேலை

எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். ஊர் நாட்றம்பள்ளி. அப்பா வாணியம்பாடித் தோல் மண்டியில் சுமை தூக்குகிறவர். வேலை கிடைத்ததைச் சொல்ல எதிர் வீட்டுக்கு போன் செய்தேன். அப்பா ஓடி வந்து ரிசீவரை வாங்கி, என்ன வேலை என்று கேட்டார். எதிர் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்பார்கள் என்று தெரியும். அப்பாவிடம் மார்பகம் என்ற சொல்லை நான் எப்படிச் சொல்வேன்? "டாக்டருங்க எடுக்கற படத்துல அழுக்கு இருக்கும்ப்பா. அதத் தொடைக்கற வேலை" என்றேன். பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி எனக்கு.

அடுத்த முறை பேசியபோது ஊரில் செய்தி பரவியிருந்தது. இன்ஜினியரிங் படித்த பெண்ணைப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலைக்கு வைத்திருக்கிறார்களாம். கடன் வாங்கிப் படிக்க வைத்து என்ன பிரயோஜனம் என்று அத்தை அழுதிருக்கிறாள். நான் பதறிப்போய் மறுபடி விளக்க ஆரம்பித்தேன். அப்பாவின் குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. "வுடும்மா. தொடைக்கற வேலையான்னு கேட்டாங்க. ஆமா, ஆனா உக்காந்துகினே தொடைக்குதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்கல."

முட்டைகோஸ்

எங்கள் கம்ப்யூட்டர் திரைகளெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். டீம் லீடர் ரகுநாத் வைத்த விதி அது. படத்தில் முகம் இல்லை, பெயர் இல்லை, தோலின் நிறம்கூட இல்லை. ஆனாலும் அது ஒரு பெண்ணின் உடம்பு, போகிறவர் வருகிறவர் பார்க்கக் கூடாது என்பார். ஒருநாள் ஏசி ரிப்பேர் ஆகி, ஒருவர் ஏணியோடு வந்து என் தலைக்கு நேர் மேலே ஏறி நின்றார். மேலே இருப்பவருக்குத் திரை தெரியும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவர் பார்த்துவிட்டார். நான் மானிட்டரை அணைக்கப் போனேன்.

குறுக்கே வெட்டிய மார்பகப் படம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், உள்ளே வெள்ளையாக மடிப்பு மடிப்பாகப் படர்ந்த கிளைகள். அவர் ஏணியிலிருந்து இன்னும் கொஞ்சம் குனிந்து, மரியாதையாகவே கேட்டார். "முட்டைகோசா மேடம்? எங்க மாலூர் சைடு இதேதான் போடறோம். உள்ள பூச்சி இருக்கான்னு வெட்டாமயே தெரியுமா இதுல?"

இரட்டை ஓரம்

ஒன்பதாம் எண் பெண்ணின் படம் மட்டும் எதற்கும் அடங்கவில்லை. ஓரமெல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது, கண்ணாடி மாற்ற வேண்டியவர் பார்ப்பது போல. வளையம் இல்லை, தகட்டில் பழுது இல்லை. நவீத் அதைத் தன் சொந்தப் பகையாக எடுத்துக்கொண்டான். எக்ஸ்ரே சிதறுவதால் இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டான். மேஜை அதிர்வதால் இருக்கும் என்று இன்னொரு கணக்குப் போட்டான். வெள்ளைப் பலகை முழுக்க அவன் சூத்திரங்கள். ஆபீஸ் துடைக்கிற அம்மாவுக்காக 'அழிக்க வேண்டாம்' என்று மூன்று மொழிகளில் எழுதி வைத்திருந்தான்.

கடைசியில் ரகு, அந்தப் பக்கம் இருந்த டாக்டர் ஹெலனிடம் போன் மீட்டிங்கில் கேட்டார். ஹெலன்தான் அங்கே படங்களைப் பார்த்து முடிவு சொல்பவர். எங்கள் வேலைக்கு எஜமானி. நவீத் தன் சூத்திரங்களை விளக்கி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னதை இப்படித் தமிழில் சொல்லலாம்: "மிக நல்ல ஆராய்ச்சி. ஆனால் அந்த அம்மாவுக்கு நடுவில் தும்மல் வந்துவிட்டது. எங்களிடம் மன்னிப்பும் கேட்டார்."

நசுக்காத மெஷின்

ஈஜிபுராவில் நான் இருந்த அறைக்குக் கீழ் வீட்டில் ஓனர் சரோஜாக்கா இருந்தார். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து, வாடகைக்கு விட மூன்று அறை கட்டும் அளவுக்கு உழைத்தவர். தண்ணீர் லாரி வரும் நேரத்தில்தான் எங்களுக்குப் பேச்சு. குடம் நிறையும்வரை என் வேலையைப் பற்றி விசாரிப்பார். வீட்டுக்குச் சொன்ன அதே பதிலை அவருக்கும் சொல்லி வந்தேன். ஒருநாள், அவருக்கு முன்பு மார்பில் வலி வந்ததையும், டாக்டர் ஒரு படம் எடுக்க அனுப்பியதையும் அவராகவே சொன்னார். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து நசுக்கினார்களாம். படம் ஒழுங்காக வரவில்லை, இன்னொரு தரம் எடுக்க வேண்டும் என்றதும் எழுந்து வந்துவிட்டாராம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு மேல் என்னால் மூடி வைக்க முடியவில்லை. என் உண்மையான வேலையைச் சொன்னேன். குப்புறப் படுத்தால் போதும், நசுக்க மாட்டார்கள் என்றேன். அவர் நிரம்பி வழியும் குடத்தைக் கவனிக்கவே இல்லை. அந்த மெஷின் இங்கே எப்போது வரும் என்று கேட்டார். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, அதுவரை இருக்கிற மெஷினில் போய் எடுத்துவிடுங்கள் அக்கா, காத்திருக்காதீர்கள் என்று சொன்னேன். அவர் குழாயைப் பக்கத்துக் குடத்துக்கு மாற்றினார். "போறேன், போறேன். நீயும் வெரசா தொடச்சுக் குடு. எத்தினி பேரு என்னாட்டம் எந்திரிச்சு வந்துட்டாங்களோ."

சாம்பாரில் உப்பு

இப்போது பதினேழுக்கு வருகிறேன். சதீஷ் கதையைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. துடைப்பதற்கு முந்தைய படத்திலிருந்து துடைத்த படத்தைக் கழித்தால், துடைத்து எறிந்தது மட்டும் ஒரு தனிப் படமாக மிஞ்சும். அதைக் கழிவு என்போம். கழிவில் வளையங்கள் மட்டும் இருக்க வேண்டும். உடம்பின் சாயல் ஏதாவது தெரிந்தால் ப்ரோக்ராம் தின்னக் கூடாததைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் ஒன்றிரண்டு படத்துக்குக் கழிவு பார்ப்பார்கள். நான் எல்லாப் படத்துக்கும் பார்த்தேன். திறமையால் அல்ல, பயத்தால். பையில் போட்ட சாவியைத் தடவித் தடவிப் பார்ப்பவர்கள் உண்டே, அந்த ஜாதி நான்.

வளையம் நடு மையத்தை நெருங்க நெருங்கச் சிறிதாகும். சரியாக மையத்திலேயே விழுந்தால் வளையமாக இருக்காது, வெறும் புள்ளியாக இருக்கும். பதினேழாம் எண் பெண்ணின் கழிவில், சரியாக மையத்தில், கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. ப்ரோக்ராம் அதை வளையம் என்று நினைத்துத் துடைத்திருந்தது. வளையமாகவே இருக்கலாம். ஆனால் உடம்பில் படியும் சுண்ணாம்புத் துகளும் அப்படித்தான் வெள்ளையாகத் தெரியும். அது சில சமயம் புற்றுநோயின் முதல் அடையாளம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மேலும் கீழும் உள்ள வெட்டுப் படங்களைப் பார்த்தேன். அவற்றில் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அந்த வாரக் கடைசியில் படங்களை அனுப்பியாக வேண்டும். எனக்கு வேலை நிரந்தரமாவதும் அதைப் பொறுத்துத்தான்.

நவீதைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் நெடுநேரம் பார்த்தான். அதே மெஷினில் அதே நாளில் எடுத்த மற்றப் பெண்களின் படங்கள் நம்மிடம் இருக்கின்றனவா என்று கேட்டான். இல்லை, அவர்கள் பொறுக்கி எடுத்த சிலரின் படங்களைத்தான் அனுப்பியிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "மெஸ்ல சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னா எல்லார் தட்டுலயும் ஜாஸ்தியா இருக்கும், மதி. உன் தட்டுல மட்டும் கரிக்குதுன்னா, அது உன் தட்டு சமாச்சாரம்."

ரகு சாரின் கவலை

மற்றவர்களின் படங்களைக் கேட்டு வாங்க வேண்டுமென்றால் ரகு அனுமதிக்க வேண்டும். ரகு குடும்பம் மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரம். தாத்தா மைசூர் ராஜாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம் என்று வளர்ந்ததால் அவருக்குக் கோபம் ஒரு மொழியிலும் வராது. 'சார்' என்று கூப்பிடாதே என்று பல முறை சொல்லியும் என் நாக்கு கேட்டதில்லை. கழிவுப் படத்தைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "யாக்கே, இத ஏன் பாத்தே?" என்பதுதான். திட்டுகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கழிவுப் படத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

அவர் கவலையும் எனக்குப் புரிந்தது. நூல் விவகாரத்தில் அந்தப் பக்கத்தின் நம்பிக்கை பாதி போய், மறுபடி வளர்ந்து வந்த நேரம். நாமே போய், எங்கள் ப்ரோக்ராம் எதையோ தின்றிருக்கலாம் என்று சொன்னால், அடுத்த வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும். அதில் என் வேலை மட்டுமல்ல, அந்த மாடியில் இருந்த அத்தனை பேர் வேலையும் போகும். அவர் ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். "கேட்டா நூல் கதை மறுபடியும் ஸ்டார்ட் ஆகும். கேக்கலன்னா ஒருத்தருக்கும் தெரியாது. அதுதாம்மா கஷ்டம். சாயங்காலம் மீட்டிங்ல நீயே கேட்டுடு."

ஸ்பீக்கர் போன்

நீங்களும் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஸ்பீக்கர் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால், அந்த மாலை எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி, பாத்ரூமில் நின்று வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். என் முறை வந்ததும் தாளில் இருந்தது ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. பதினேழாம் எண்ணின் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது, எங்கள் ப்ரோக்ராம் அதைத் துடைக்கிறது, அது அழுக்கா என்று எங்களுக்குத் தெரியவில்லை, அன்று எடுத்த எல்லோருடைய படமும் வேண்டும். இலக்கணம் இல்லாத நான்கு வாக்கியங்களில் சொல்லி முடித்தேன்.

லைன் போய்விட்டதோ என்று நவீத் போனைத் தட்டப் போனான். அப்புறம் ஹெலன் பேசினார். அனுப்புகிறேன், அதுவரை அந்தப் படத்தை யாரும் பார்த்து முடிவு சொல்ல வேண்டாம் என்று என் ஆட்களிடமும் சொல்கிறேன் என்றார். பிறகு, கழித்ததைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன்: அந்த நூல் காணாமல் போனதிலிருந்து எனக்குப் பயம் என்றேன். ரகு கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு வருடமாக எங்கள் ஆபீஸே கூனிக் குறுகிய அந்த விஷயத்துக்கு, போனில் வந்த பதில் இதுதான்: "எந்த நூல்?"

அழுக்குப் படம்

மற்றப் படங்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தோம். அதே மையம், அதே இடம். ஒருவர் படத்திலும் புள்ளி இல்லை. உப்பு ஒரு தட்டில் மட்டும்தான் இருந்தது. மெஷினுடையதாக இருந்தால் எல்லோருக்கும் வந்திருக்கும். ஒருவருக்கு மட்டும் இருப்பது அவருடையது. சரியாகக் கண்டுபிடித்தோம் என்ற சந்தோஷம் எனக்கு ஒரு நொடிகூட நிற்கவில்லை. அழுக்காக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. நவீத் போய் இரண்டு டீ வாங்கி வந்தான்.

ஹெலனுக்குச் சொல்லிவிட்டோம். அதன் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி எங்களுக்கு எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. நாங்கள் செய்யக்கூடியதைச் செய்தோம்: மையத்தைச் சுற்றிக் கொஞ்ச இடத்தில் ப்ரோக்ராம் கை வைக்கக் கூடாது என்று மாற்றி எழுதினேன். புள்ளி தப்பித்தது, கூடவே நடுவில் சில வளையங்களும் தப்பித்துக்கொண்டன. அனுப்பிய மறுநாளே அங்கிருந்த இன்ஜினியர் ஒருவரிடமிருந்து புகார் வந்தது, போன தடவையைவிடப் படம் மோசம் என்று. என் வேலை போய்விட்டது என்றே முடிவு செய்து, ஊருக்குப் போகும் பஸ் நேரம்கூட விசாரித்து வைத்தேன். ரகு என் மேஜைக்கு வந்து, நிரந்தரமாக்கும் கடிதத்தைச் சத்தமில்லாமல் வைத்தார். "புகாருக்கு நான் பதில் போட்டுட்டேன். இந்த அழுக்கு வேணும்னே விட்டதுன்னு எழுதினேன். நீ சும்னே உக்காந்து வேலையப் பாரு."

தட்டிக்கொடுத்தது

அடுத்த வருடம் ஹெலன் பெங்களூருக்கு வந்தார். போனில் கேட்ட குரலுக்கு நான் கற்பனை செய்து வைத்திருந்த உயரத்தில் பாதிதான் இருந்தார். ரகு எங்கள் எல்லோரையும் தோசை சாப்பிட அழைத்துப் போனார். பதினேழைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. கேட்காமல் சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

எண்ணோ பெயரோ சொல்லாமல், "உங்கள் புள்ளி" என்று ஆரம்பித்தார். வழக்கமாக நசுக்கி எடுக்கும் படத்தில் அது தெரியவே இல்லையாம். திரும்பக் கூப்பிட்டுச் சோதித்தபோது, பயந்தது சரியாகவே இருந்தது. ஆனால் மிகச் சிறியதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். அந்த அம்மா நலமாக இருக்கிறாராம். இவ்வளவு சொல்லலாம் என்று அந்த அம்மாவிடமே கேட்டுக்கொண்டு வந்ததாகச் சொன்னார். எனக்கு எதிரே இருந்த தோசை கலங்கித் தெரிந்தது. நவீத் தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினான். ஹெலன் தொடர்ந்தார்: "யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்டார். ஆளைக் காட்ட எங்கள் விதியில் இடமில்லை. அதனால் போகும்போது மெஷினைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்."

ஜாடி

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் அதன் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கே ஆரம்பிப்பது? சதீஷ் துடைத்த நூலில்தான். ப்ரோக்ராம் எப்படி நூலைத் தின்றது என்று கழிவுப் படத்தில் காட்டினால் யாரும் மறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ரகுவிடம் கேட்டு, பழைய படங்களைப் பதிந்து வைத்திருந்த குறுந்தகடுகளைத் தேடி எடுத்தேன். சதீஷ் துடைப்பதற்கு முந்தைய ஜாடிப் படம் அதில் இருந்தது. அதிலிருந்து துடைத்த படத்தைக் கழித்தேன். கழிவில் வளையங்கள் இருந்தன. நூல் இல்லை.

தின்ற நூல் கழிவில் இருக்க வேண்டும். ஏதோ தப்பாகக் கழித்துவிட்டேன் என்று மறுபடி செய்தேன். அப்புறம்தான், அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன்: துடைக்காத படத்தையே மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வெட்டாகப் பார்த்தேன். ஜாடி இருந்தது, தண்ணீர் இருந்தது, வளையங்கள் இருந்தன. நூல் எந்த வெட்டிலும் இல்லை. நவீதையும் ரகுவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களும் பார்த்தார்கள். அன்று ஜாடிக்குள் நூலைப் போட மறந்திருக்கிறார்கள். அடுத்த முறை போட்டு எடுத்திருக்கிறார்கள். நடுவில் சதீஷ் ப்ரோக்ராமை மென்மையாக்கியதால்தான் நூல் திரும்பி வந்தது என்று இரண்டு பக்கமும் நம்பிவிட்டன.

நவீத் எங்கிருந்தோ சதீஷின் நம்பரைத் தேடிக் கொடுத்தான். அவரிடம் நான் பேசியதே இல்லை. யார் என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார், அல்லது அழுவார் என்று பயந்தேன். அவர் மெல்லச் சிரித்தார். "உள்ள நூல் இருக்கான்னு நான் பாக்கவே இல்லீங்க, மதி. அவங்க மறப்பாங்களா, நாமதான் தப்பு பண்ணியிருப்போம்னு நெனச்சிட்டேன். இங்க புதுசா சேர்றவங்களுக்கெல்லாம் அந்தக் கதையத்தான் நான் பாடமா சொல்லிட்டிருக்கேன். இப்ப என்னத்தச் சொல்றது?"

எங்கள் தொழிலைப் பற்றி நான் சரிபார்த்து உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இல்லாத நூலை அழித்த பழி ஒருவர் மேல் விழுந்ததால், இருந்த புள்ளி ஒன்று அழியாமல் தப்பித்தது.